ஒரு சோறு பதமாகுமா?

செயற்கைக் கருத்தரிப்பு முறையை நாடும் தம்பதியர் சிலரின் கைக்கு இப்போது ஒரு புதுவகை அறிக்கை வந்து சேர்கிறது. உடலுக்கு வெளியே உருவாக்கி, ஐந்தாறு நாள்கள் வளர்த்து, உறைநிலையில் காக்கப்படும் கருக்களின் குரோமோசோம் சோதனை முடிவு அது. தொடக்கக் காலத்தில் அவ்வறிக்கைகளில் இரண்டே விடைகள்தாம் இருந்தன. கரு இயல்பானது அல்லது இயல்பற்றது. இப்போது மூன்றாவதாக ஒரு விடையும் இடம்பெறுகிறது. 'மொசைக்' என்பது அதன் பெயர்.

மொசைக் என்ற சொல் நமக்குப் புதிதன்று. பல நிறக் கற்சில்லுகளைக் கலந்து பதித்துத் தேய்த்த தரையை அப்பெயரால்தான் அழைக்கிறோம். கருவிலும் அதே பொருள்தான். அதன் செல்கள் சிலவற்றில் குரோமோசோம்கள் முறையாக 46 உள்ளன. வேறு சிலவற்றில் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கின்றன. இரண்டும் ஒரே கருவுக்குள் கலந்து கிடக்கின்றன. அந்தக் கருவைக் கருப்பையில் வைப்பதா, விட்டுவிடுவதா? பல இலட்சம் ரூபாய் செலவிட்டு, ஊசிகளின் வலியைப் பொறுத்து, இறுதியில் ஒரே ஒரு கருவை மட்டும் பெற்றிருக்கும் பெண்ணுக்கு இது வெறும் அறிவியல் வினா அன்று.

நான் உயிரியல் கற்றவன் அல்லன். பொருளியலும் அதற்குத் துணையாகப் புள்ளியியலும் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் இத்தகைய அறிக்கை ஒன்றைப் பெற்றபோது, அதிலிருந்த எண்ணின் பொருளை என்னிடம் கேட்டாள். மொசைக், 40 சதவீதம் என்று அதில் இருந்தது. பிறக்கும் குழந்தை நூற்றுக்கு நாற்பது பங்கு குறையுடையதாக இருக்குமோ என்று அவள் அஞ்சினாள். அந்த எண் குழந்தையைப் பற்றியதே அன்று. கருவிலிருந்து எடுத்த சில செல்களைப் பற்றியது. இந்த வேறுபாட்டை அவளுக்கு விளக்க முற்பட்டபோது எனக்குத் துணைநின்றவர், இன்றைக்கு நூறாண்டுகளுக்கும் முன்பே மறைந்த ஜெர்மானிய உயிரியல் அறிஞர் தியோடர் போவேரி.

போவேரி என்ற பெயர் என் துறையினருக்கு வேறு வழியில் அறிமுகமானது. ஐரோப்பியத் தொழில் வரலாறு படிப்பவர்கள் பிரவுன் போவேரி என்ற மின்பொறி நிறுவனத்தைக் கடந்துதான் செல்ல வேண்டும். 1891-இல் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் தொடங்கப்பட்டு, 1988-இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றுடன் இணைந்து, இன்று ஏ.பி.பி. என்ற பெயரில் உலகெங்கும் இயங்கும் நிறுவனம் அது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வால்டர் போவேரியின் அண்ணன்தான் நம் தியோடர். தம்பி மின்சாரத்தில் பொருள் ஈட்டினார். அண்ணனோ உருப்பெருக்கியின் அடியில் நூலிழை போன்ற சில துணுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

1862-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் பவேரியாவின் பாம்பெர்க் நகரில் தியோடர் போவேரி பிறந்தார். நான்கு ஆண்மக்களில் அவர் இரண்டாமவர். தந்தை மருத்துவர். ஆயினும் குடும்பத்தின் செல்வம் நிலைக்கவில்லை. இளமையிலேயே பொருள் நெருக்கடியை அவர் அறிந்திருந்தார். இசையிலும் ஓவியத்திலும் ஈடுபாடு மிக்கவர். பியானோ வாசிப்பார், ஓவியம் தீட்டுவார். மியூனிக் பல்கலைக்கழகத்தில் 1881-இல் சேர்ந்தபோது அவர் தேர்ந்தெடுத்தவை வரலாறும் தத்துவமும். விரைவிலேயே உடற்கூற்றியலுக்கு மாறினார். நரம்பு இழைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1885-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் அவர் வாழ்வின் போக்கை மாற்றிய ஓர் உதவி கிடைத்தது. லாமோன்ட் உதவித்தொகை எனப்பட்ட அந்தக் கொடை, ஐந்தாண்டுகள் கற்பித்தல் பணியோ பிற கடமையோ இன்றி, விரும்பிய ஆய்வை மேற்கொள்ள இடமளித்தது. பின்னர் அது மேலும் நீட்டிக்கப்பட்டது. உடனடிப் பயன் எதுவும் கேளாமல் ஓர் இளைஞருக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சிறு தொகை ஈட்டித்தந்த அறிவுச் செல்வத்தை எந்த வரவு செலவுக் கணக்கிலும் அடக்க இயலாது. பொருளியல் படித்தவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடாமல் கடக்க எனக்கு மனமில்லை.

ரிச்சர்ட் ஹெர்ட்விக் தலைமையில் இயங்கிய மியூனிக் விலங்கியல் நிலையத்தில் போவேரி தேர்ந்துகொண்ட ஆய்வுப் பொருள், குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டை. கேட்போர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்தப் புழுவின் செல்களில் குரோமோசோம்கள் இரண்டோ நான்கோ மட்டுமே உண்டு. அவையும் அளவில் பெரியவை. எண்ணுவதற்கும் பின்தொடர்வதற்கும் அதைவிட ஏற்ற உயிர் கிடையாது. செல் பிரியும்போது மட்டும் தோன்றி, பின்னர் கரைந்து மறையும் வெறும் இழைகளே குரோமோசோம்கள் என்று அறிஞர் பலர் அப்போது கருதினர். போவேரி ஒரு பிரிவின் முடிவில் அவை கிடந்த இடத்தையும் அடுத்த பிரிவின் தொடக்கத்தில் அவை மீண்டும் தோன்றிய இடத்தையும் ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தின. கண்ணுக்கு மறைந்தாலும் அவை கரைந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் தனித்தன்மையைக் காத்து வருகிறது என்ற முடிவுக்கு 1887, 1888-ஆம் ஆண்டுகளில் அவர் வந்தார்.

அதே புழுவில் மற்றொன்றையும் கண்டார். கரு வளரும்போது, உடலாக மாறப்போகும் செல்கள் தம் குரோமோசோம்களின் ஒரு பகுதியை உதறிவிடுகின்றன. அடுத்த தலைமுறைக்கு வித்தாகும் செல்கள் மட்டும் அனைத்தையும் முழுமையாக வைத்துக்கொள்கின்றன. ஒரே உடலின் செல்கள் எல்லாம் குரோமோசோம் அளவில் ஒன்றுபோல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை என்ற உண்மையை அவர் இருபத்தைந்து வயதிலேயே கண்ணாரக் கண்டுவிட்டார்.

1890-இல் நச்சுக் காய்ச்சலும் அதைத் தொடர்ந்த மனச்சோர்வும் அவரை வாட்டின. அன்று முதல் இறுதிவரை உடல்நலம் அவருக்கு அடிக்கடி கைகொடுக்க மறுத்தது. எனினும் 1893-இல், முப்பது வயதில், வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அங்குதான் இயற்பியல் பேராசிரியர் ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். இருவரும் நண்பர்கள். ஒருவர் கண்டுபிடிப்பு சில வாரங்களில் உலகப் புகழ் பெற்றது. மற்றவர் கண்டுபிடிப்பின் முழுப் பொருள் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1896-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வூர்ட்ஸ்பர்க் வந்தார். பாஸ்டன் நகரைச் சேர்ந்த மார்செல்லா ஓகிரேடி, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1885-இல் உயிரியல் பட்டம் பெற்றவர். வாஸர் கல்லூரியில் கற்பித்துவந்தவர். பெண்களுக்குக் கதவடைத்திருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் தனி இசைவு பெற்று போவேரியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இருவரும் மணந்துகொண்டனர். கணவரின் ஆய்வுகளில் அவர் உடனிருந்து உழைத்தார். தம் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நாம் இனிக் காணப்போகும் சோதனைகளில் அவர் கைகளின் உழைப்பும் சேர்ந்தே இருக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், ஆன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் 1872-இல் நிறுவிய கடல்வாழ் உயிரின ஆய்வு நிலையம் உண்டு. ஐரோப்பா முழுவதிலுமிருந்து அறிஞர்கள் அங்கே வந்து ஓர் ஆய்வு மேசையை வாடகைக்குப் பெற்றுப் பணிபுரிவர். போவேரி தம்பதியர் 1901-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்றனர். அவர்கள் எடுத்துக்கொண்ட உயிர் கடல் முள்ளெலி. உடல் முழுதும் முள் போர்த்து, கடலடிப் பாறைகளில் ஒட்டி வாழும் உருண்டையான உயிரினம். அதன் முட்டைகளையும் விந்தணுக்களையும் கடல்நீர் ஊற்றிய கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்தால், கரு கண்ணெதிரே உருவாகும். 1978-இல் இங்கிலாந்தில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, உடலுக்கு வெளியே கரு உருவாவதை அவர்கள் நாள்தோறும் கண்டுகொண்டிருந்தார்கள்.

விந்தணுக்களை மிகுதியாகச் சேர்த்தால், சில முட்டைகளில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு விந்தணுக்கள் புகுந்துவிடும். கடல் முள்ளெலியின் முட்டை 18, விந்தணு 18 என இயல்பான கருவில் 36 குரோமோசோம்கள் இருப்பதாக போவேரி எண்ணியிருந்தார். இரு விந்தணுக்கள் புகுந்தால் மூன்று பதினெட்டுகள், அதாவது 54. இந்தக் கரு இரண்டாகப் பிரிவதில்லை. ஒரே நேரத்தில் நான்காகப் பிரிகிறது. பிரிவுக்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டிப்பதால், 108 துணுக்குகள் நான்கு செல்களுக்கும் முறையின்றிப் பங்கிடப்படுகின்றன. எந்தச் செல்லுக்கு எது போகும் என்பது முற்றிலும் தற்செயல். அத்தகைய கருக்களில் ஏறத்தாழ அனைத்தும் உருக்குலைந்து மடிந்தன.

ஏன் மடிந்தன என்பதுதான் வினா. எண்ணிக்கை பிறழ்ந்ததால் என்பது எளிதான விடை. போவேரி அதை ஏற்கவில்லை. அந்த நான்கு செல்களுக்கும் சராசரியாக 27 குரோமோசோம்கள் கிடைக்கின்றன. ஆனால் விந்தணுவே இல்லாமல், முட்டையின் 18 குரோமோசோம்களோடு மட்டும் வளரத் தூண்டப்பட்ட கடல் முள்ளெலிகள் இயல்பாக வளர்வதை அப்போது அறிந்திருந்தனர். 18 போதுமென்றால் 27 ஏன் போதவில்லை? எண்ணிக்கை காரணமாக இருக்க முடியாது. பதினெட்டு வகைகளில் ஒவ்வொன்றும் வெவ்வேறு பணியைச் செய்கிறது. ஒவ்வொரு செல்லிலும் எல்லா வகைகளும் இருந்தாக வேண்டும். ஒரு வகை இல்லாத இடத்தை மற்றொரு வகையின் மிகுதி நிரப்பாது. இதுவே அவர் கண்ட முடிவு.

இந்த ஊகத்தை அவர் எண்களால் சோதித்த விதம் என்னைப் போன்றவர்களை வியக்க வைக்கிறது. இரு விந்தணுக்கள் புகுந்த முட்டைகளைக் குலுக்கினால் சில கருக்கள் நான்குக்குப் பதிலாக மூன்றாகப் பிரியும். மூன்றாகப் பிரியும்போது ஒவ்வொரு செல்லுக்கும் முழுத் தொகுதி கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். எவ்வளவு கூடுதல்? குரோமோசோம்களுக்குப் பதிலாக எண்ணிட்ட சிறு உருண்டைகளை உருட்டிவிட்டு, அவை விழுந்த இடங்களை மூன்றாகவும் நான்காகவும் பகுத்து, மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்தார். இன்று கணினியில் தற்செயல் எண்களைக் கொண்டு பொருளியல் அறிஞர்கள் செய்வதை, அவர் கையாலேயே செய்தார்.

அந்தக் கணக்கை நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லாப் பங்கீடுகளும் சம வாய்ப்புடையவை என்று கொண்டால், மூன்றாகப் பிரியும் கருவில் எல்லாச் செல்களுக்கும் பதினெட்டு வகைகளும் கிடைப்பது நூற்றில் ஏறத்தாழ 12. நான்காகப் பிரியும் கருவில் அது இலட்சத்தில் ஒரு சில. போவேரி உண்மையான கருக்களை வளர்த்துப் பார்த்தபோது, மூன்றாகப் பிரிந்தவற்றில் நூற்றுக்குச் சுமார் 8 இயல்பாக வளர்ந்தன. நான்காகப் பிரிந்தவற்றில் ஏறத்தாழ எதுவும் தேறவில்லை. ஊகமும் உயிரும் ஒரே திசையைக் காட்டின.

நம் பொருளுக்கு மிக நெருக்கமான சோதனை இன்னொன்று. கால்சியம் நீக்கிய கடல்நீரில் கருவின் முதல் நான்கு செல்களையும் பிரித்துத் தனித்தனியே வளர்த்தார். இயல்பான கருவின் நான்கு செல்களும் ஒன்றுபோல் வளர்ந்தன. இரு விந்தணுக் கருவின் நான்கு செல்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளர்ந்தன. ஒன்று சற்றே நீண்ட தொலைவு சென்றது, மற்றொன்று தொடக்கத்திலேயே நின்றது. பிரிக்காமல் விட்ட சில கருக்களில், உடலின் ஒரு பகுதி செம்மையாகவும் மறுபகுதி சிதைந்தும் இருந்தது. ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைச் சொல்ல முடியாத கருக்கள் அவை. இன்றைய அறிக்கைகள் மொசைக் என்று சொல்வதன் ஒரு வடிவத்தை, அறிவியல் கண்ணோடு முதலில் ஆராய்ந்தவர்களுள் அவர் ஒருவர்.

இந்த முடிவுகளின் முதற்கட்டம் 1902-இல் வெளிவந்தது. மெண்டலின் மரபு விதிகள் மீட்டெடுக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் வால்டர் சட்டன் என்ற இளம் ஆய்வாளர் வெட்டுக்கிளிகளின் செல்களைக் கொண்டு, மெண்டலின் மரபுக் கூறுகள் குரோமோசோம்களிலேயே உள்ளன என்ற கருத்தை 1902, 1903-இல் முன்வைத்தார். இருவர் பெயரையும் இணைத்தே குரோமோசோம் வழி மரபுக் கோட்பாடு வழங்கப்படுகிறது. செல்லியலின் பெருநூல்களுள் ஒன்றை 1896-இல் எழுதிய எட்மண்ட் வில்சன், அந்நூலை போவேரிக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

புகழ் வந்தது, உடல் ஒத்துழைக்கவில்லை. பெர்லின் அருகே உருவாகவிருந்த கெய்சர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு 1912-இல் அவரைத் தேடி வந்தது. துறைகளை வகுத்து, தகுந்த அறிஞர்களைத் தேர்ந்து, திட்டம் முழுவதையும் தீட்டிக்கொடுத்துவிட்டு, 1913-இல் உடல்நலம் கருதிப் பொறுப்பை மறுத்துவிட்டார். 1914-இல் வெளிவந்த சிறுநூலில், புற்றுக்கட்டிகள் குரோமோசோம் பிறழ்ந்த ஒற்றைச் செல்லிலிருந்து தோன்றக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார். கடல் முள்ளெலிக் கருவில் கண்டதை முதிர்ந்த உடலுக்கு நீட்டிப் பார்த்த துணிவு அது. பிற்காலப் புற்றுநோய் ஆய்வு அவரை முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகிறது.

1915-இல் அவர் ஆராய்ந்தது பல்லாண்டுகளுக்கு முன் சேகரித்துப் பாதுகாக்கப்பட்டிருந்த சில விந்தைத் தேனீக்களை. அவற்றின் உடலில் ஆண் பகுதிகளும் பெண் பகுதிகளும் கலந்திருந்தன. தேனீக்களில் கருவுறாத முட்டை ஆணாகவும் கருவுற்ற முட்டை பெண்ணாகவும் வளரும். விந்தணுவின் உட்கரு காலந்தாழ்த்து, முட்டை பிரியத் தொடங்கிய பிறகு அதன் ஒரு பகுதியோடு மட்டும் இணைந்திருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இதுவும் மொசைக் உடல்தான். அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாளில், உலகப் போரின் நடுவே போவேரி வூர்ட்ஸ்பர்க்கில் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை; அவருடைய மாணவர் ஹான்ஸ் ஷ்பீமான் 1935-இல் அதைப் பெற்றார். மார்செல்லா பின்னர் அமெரிக்கா திரும்பி நியூ ஹேவன் நகரில் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ் கல்லூரியின் உயிரியல் துறையை உருவாக்கினார்; கணவரின் புற்றுநோய் நூலை 1929-இல் ஆங்கிலத்தில் தந்தார்.

இனி, மனிதக் கருவுக்கு வருவோம். முட்டையிலோ விந்தணுவிலோ குரோமோசோம் பிறழ்ந்திருந்தால், அந்தப் பிழை பொதுவாகக் கருவின் எல்லாச் செல்களுக்கும் பரவும். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக அமைவதால் வரும் டவுன் நோய்க்குறி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. முட்டையும் விந்தணுவும் சரியாக இருந்தும், கரு உருவான பின் முதல் சில பிரிவுகளில் பங்கீடு தவறினால், பிழை சில செல்களோடு நின்றுவிடும். அதுவே மொசைக். முதல் இரண்டு, மூன்று நாள்களில் மனிதக் கரு இத்தகைய பிழைகளுக்கு எளிதில் ஆளாகிறது. தன் மரபணுக்கள் முழுமையாகச் செயல்படத் தொடங்கும் முன், முட்டை சேர்த்துவைத்த கையிருப்பைக் கொண்டே அது பிரிந்தாக வேண்டியிருக்கிறது.

சோதனை எவ்வாறு நடக்கிறது? ஐந்தாம் நாளில் கருவில் நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் இருக்கும். அவற்றுள் உட்புறத் திரள் குழந்தையாகும். வெளி அடுக்கு நஞ்சுக்கொடியாகும். சோதனைக்கு எடுக்கப்படுவது வெளி அடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்கள் மட்டுமே. குழந்தையாகப் போகும் பகுதியை யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட கூறெடுப்புக் கோட்பாடு. அது பொய்யன்று. ஆனால் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. பானையிலுள்ள அரிசி ஒரே வகையாக, ஒரே நீரில், ஒரே தீயில் வெந்திருக்க வேண்டும். பழைய அரிசியையும் புதிய அரிசியையும் கலந்து உலையேற்றினால் ஒரு சோறு பதமாகாது. மொசைக் கரு கலந்து ஏற்றிய உலை. அதன் செல்களில் நூற்றுக்கு முப்பது பிறழ்ந்தவை, அவையும் சீராகப் பரவியவை என்றே கொள்வோம். ஐந்து செல்களை எடுத்தால், அவற்றில் பிறழ்ந்த செல் ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. கரு முழுமையும் இயல்பானது என்று அப்போது அறிக்கை சொல்லும். ஐந்தில் இரண்டு பிறழ்ந்தவை அகப்பட்டால் 40 சதவீதம் என்று சொல்லும். உண்மை இரண்டும் அன்று. பிறழ்ந்த செல்கள் ஒரே மூலையில் திரண்டிருந்தால் பிழை இன்னும் பெருகும். போவேரியின் கருக்கள் ஒரு பாதி செம்மையாகவும் மறுபாதி சிதைந்தும் இருந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

வேறுபாடும் ஒன்று உண்டு. போவேரியின் கருக்களில் குழப்பம் எல்லாச் செல்களையும் பற்றியிருந்தது. ஆகவே அவை மடிந்தன. மொசைக் மனிதக் கருவில் நலமான செல்களும் உள்ளன. 2015-இல் இத்தாலிய மருத்துவர்கள், இயல்பான கரு எதுவும் கிடைக்காத 18 பெண்களுக்கு மொசைக் கருக்களை வைத்தனர்; ஆறு நலமான குழந்தைகள் பிறந்தன. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருக்களில் நலமான செல்களையும் பிறழ்ந்த செல்களையும் கலந்து வளர்த்தனர். பிறழ்ந்த செல்கள் படிப்படியாக மடிந்து, நலமானவை இடத்தை நிரப்பியதைக் கண்டனர். பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் எச்சரிக்கையையும் சேர்த்தே தருகின்றன. இயல்பானவை எனக் குறிக்கப்பட்ட கருக்களைவிட மொசைக் கருக்கள் பதிவது குறைவு, கருச்சிதைவு கூடுதல். ஆனால் நிலைத்துப் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் நலமாகவே உள்ளனர்.

பொருளியலில் இருவகைப் பிழைகளைப் பற்றிப் பேசுவோம். தகுதியற்றதை ஏற்பது ஒன்று. தகுதியுள்ளதை விலக்குவது மற்றொன்று. முதற்பிழை கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் உண்டு. இரண்டாவது பிழை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கைவிடப்பட்ட கரு நலமாக வளர்ந்திருக்கும் என்று நிறுவ யாராலும் முடியாது. ஆகவே அதற்கு யாரும் விடை சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய சூழலில் எந்த நிறுவனமும் தன் பாதுகாப்புக்காக விலக்கும் பக்கமே சாயும். இதை மருத்துவர்களின் குறையாக நான் கூறவில்லை. ஊக்கமும் அச்சமும் அமைந்திருக்கும் முறை அது. அந்தச் சாய்வின் விலையைக் கொடுப்பவர்களோ தம்பதியர்.

ஆகவே வேண்டுவன மூன்று. எத்தனை செல்கள், எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும், அந்தச் சதவீதம் கரு முழுமைக்கும் பொருந்தாது என்பதையும் தாய்மொழியில் தெளிவாக அறிக்கையிலேயே எழுத வேண்டும். சோதனைக்கு ஒப்புதல் பெறும் முன்பே, மொசைக் என்ற விடை வரக்கூடும் என்பதையும் வந்தால் உள்ள வழிகளையும் மரபியல் ஆலோசகர் விளக்க வேண்டும். அத்தகைய கருவை வைத்துக் கருத்தரித்தால், பனிக்குட நீர்ச் சோதனை உள்ளிட்ட தொடர் கண்காணிப்புக்கு வழி செய்ய வேண்டும். முடிவு தம்பதியருடையதாக இருக்கட்டும். அந்த முடிவு, எண்ணின் பொருள் அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

போவேரியின் வாழ்வில் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1889-இல், உட்கரு நீங்கிய முட்டைத் துண்டுகளில் வேற்றினக் கடல் முள்ளெலியின் விந்தணுவைச் செலுத்தி, பிறந்த இளவுயிர் தந்தையைப் போலவே இருப்பதாக அறிவித்திருந்தார். அவருக்குப் பெயர் வாங்கித்தந்த ஆய்வுகளுள் அது ஒன்று. பல ஆண்டுகள் கழித்து அதே சோதனையை மீண்டும் செய்தபோது, தாம் உட்கரு நீங்கியவை என்று எண்ணிய துண்டுகள் சிலவற்றில் அதன் பகுதி எஞ்சியிருக்கக்கூடும் என்று கண்டார். அந்தப் பிழை எங்கே நுழைந்தது என்பதைத் தாமே விளக்கி எழுதினார். அக்கட்டுரை அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1918-இல் வெளிவந்தது. துண்டைப் பார்த்து முழுமையைச் சொன்ன தம் பழைய துணிபை, நோயுற்ற நாள்களிலும் திரும்ப எடுத்துச் சோதித்தவர் அவர். ஐந்து செல்களைக் கொண்டு ஒரு கருவின் வாழ்வைத் தீர்மானிக்கும் மேசையில், அந்த எச்சரிக்கைக்கும் ஓர் இடம் தரப்பட வேண்டும்.